சுமை தாங்கிய சுவர்

கட்டிடத்தின் உயரத்துக்குச் சுவரின் தடிப்பே எல்லை வகுத்த காலம் ஒன்று இருந்தது. மாடிமேல் மாடி ஏற ஏற, மேலுள்ள பாரம் முழுவதையும் தாங்கவேண்டிய அடிச்சுவர் பருத்துக்கொண்டே செல்லும். மனிதர் புழங்கவேண்டிய இடத்தைச் சுவரே விழுங்கிவிடும். அக்காலத்தின் முடிவையும் புதியதொரு காலத்தின் தொடக்கத்தையும் அருகருகே காட்டும் வணிகக் கட்டிடம் ஒன்று, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இன்றும் நிற்கின்றது. மொனாட்நொக் என்பது அதன் பெயர்.

1871 ஆம் ஆண்டுப் பெருந்தீயில் சிக்காகோவின் நடுப்பகுதி சாம்பலாயிற்று. மீண்டெழுந்த நகரில் நிலத்தின் விலை உயரவே, வணிகரின் பார்வை வானை நோக்கித் திரும்பிற்று. பொஸ்டன் நகரச் செல்வரான பீற்றர் புறூக்ஸ், ஷெப்பேட் புறூக்ஸ் என்னும் சகோதரர் 16 மாடிகளில் அலுவலகக் கட்டிடம் ஒன்றை எழுப்ப முற்பட்டனர். புடைத்து நிற்கும் அலங்காரம் யாவும் தூசி படியும் இடமே. ஆகவே அவை வேண்டா என்பது பீற்றரின் கட்டளை. கட்டிடக் கலைஞர் ஜோன் வெல்போர்ன் ரூட் அக்கட்டளைக்கு அமைந்தார். ஆயினும் அழகைக் கைவிட்டாரல்லர். அடியில் அகன்று, மெல்ல உள்வளைந்து, நேரே உயர்ந்து, உச்சியில் மீண்டும் வெளிவளையும் சுவரின் கோட்டிலேயே அவர் அழகைக் கண்டார். பாரம் சுமக்கும் உறுப்பே அணியுமாயிற்று.

1891 இல் இவ்வடபகுதி நிறைவுற்றது. அதன் அடிச்சுவரின் தடிப்பு 6 அடி. அச்சுவர் முற்றுப்பெற்றதைக் காண ரூட் இருக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியில், தமது 41 ஆவது வயதில், நிமோனியா நோயால் அவர் மறைந்தார். சிக்காகோவின் இளகிய களிமண்ணோ அப்பெரும் பாரத்தைத் தாங்கமாட்டாது தளர்ந்தது. காலப்போக்கில் கட்டிடம் ஏறத்தாழ 20 அங்குலம் அமிழ்ந்தது.

ஈராண்டுகளின் பின், 1893 இல், ஹொலபேட், றோஷ் என்போர் தென்பகுதியைக் கட்டி முடித்தனர். அங்கே பாரத்தைப் பெரும்பாலும் உருக்குச் சட்டகமே சுமக்கின்றது. சுவர் அதன்மேற் போர்த்திய போர்வை மட்டுமே. சுவர் மெலிந்தது, சாளரம் விரிந்தது, வாடகைக்கு விடும் இடமும் பெருகிற்று. வருங்காலம் எப்பக்கம் என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

எனினும் காலத்தின் தீர்ப்பு விந்தையானது. உலோகச் சட்டகத்துக்கு வழிகாட்டியதெனப் போற்றப்பட்டதும், 1885 இல் அதே நகரில் எழுந்ததுமான ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டிடம் 1931 இல் இடிக்கப்பட்டது. புது வழிக்கு முன்னோடியானது மறைந்தது. பழைய வழியின் சிகரமோ நிலைத்தது. தடித்த சுவரைப் பின்வந்தோர் கைவிட்டது முறையே. ஆனால், ஒரு கட்டிடம் தான் செய்யும் தொழிலை ஒளிக்காது காட்டுவதே அதற்கு அழகு என்ற உண்மையை அவர்கள் அச்சுவரிடமே கற்கலாம்.