காதிலே எண்ணெய் வேண்டாம்!

கிணற்றில் குதித்துக் கும்மாளமிட்ட பையன் மறுநாள் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறானா? காது மடலை லேசாக இழுத்துப் பாருங்கள். 'ஐயோ!' என்று அலறினால், கோளாறு பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில்தான். ஈரத்தில் ஊறிய தோலில் கிருமி புகுந்துவிட்டது.

பாட்டி எண்ணெய் காய்ச்சக் கிளம்புவாள். அம்மா கொண்டை ஊசியைத் தேடுவாள். (இருவரையும் தடுத்துவிடுங்கள்!) செவிப்பறையில் ஓட்டை உண்டா என்று முதலில் டாக்டர் பார்க்கட்டும். இருந்தால், 'ஜென்டாமைசின்' கலந்த சொட்டு மருந்து உள்ளே இறங்கிக் கேட்கும் சக்தியையே பறித்துவிடலாம். 'சிப்ரோஃப்ளாக்சசின்' போன்றவற்றில் அந்தப் பயமில்லை.

மாத்திரையைவிடச் சொட்டு மருந்தே இங்கு மேல். நோயுள்ள இடத்துக்கே நேராகப் போகிறதல்லவா? சீசாவை உள்ளங்கையில் சற்று வைத்திருந்து விடுங்கள். குளிர்ந்த மருந்து தலையைச் சுற்ற வைக்கும். விட்டபின் 5 நிமிஷம் ஒருக்களித்தே படுத்திருக்கட்டும். வலி இரண்டு மூன்று நாளில் குறைந்தாலும் டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

நீரிழிவுக்காரத் தாத்தாவுக்கு இதே வலியென்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள், எலும்புவரை பரவக்கூடும்.