பின்னங்காலை இழுக்கும் மாடு: சூடு வேண்டாம், சின்ன அறுவை போதும்!

காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்ததும் மாடு ஒரு பின்னங்காலைப் பின்னுக்கு நீட்டியபடி நிற்கும். ஓட்டினால் குளம்பு நுனி தரையில் கோடு கிழிக்கும். சில எட்டு இழுத்ததும் ‘படக்’கென்று கால் மடங்கி முன்னால் வரும். கொஞ்சதூரம் நடந்தபின் சில மாடுகளுக்கு இழுப்பு குறையும். அதனாலேயே பலர் இதைச் சுளுக்கு, வாதம் என்று எண்ணி, எண்ணெய் நீவியும் சூடு போட்டும் மாதக்கணக்கில் கடத்திவிடுகிறார்கள். அதற்குள் குளம்பு தேய்ந்து புண்ணாகிறது. ஏருக்கும் ஆகாமல், பாலும் குறைந்து, நல்ல மாடு அடிமாட்டு விலைக்குப் போகிறது.

கோளாறு இருப்பது குளம்பில் அல்ல. பின்னங்காலில் வயிற்றை ஒட்டியிருக்கும் மூட்டில். அங்குள்ள சில்லை மூன்று நார்கள் கீழ் எலும்போடு பிணைத்திருக்கின்றன. கால் நீளும்போது மேலேறும் சில்லு, தொடை எலும்பு முனையின் உள்பக்க மேட்டில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். அது இறங்கும்வரை மூட்டு மடங்காது. சூடு போட்டால் தோல்தான் வேகும், சில்லு இறங்காது.

உள்பக்க நாரை மட்டும் அறுத்துவிட்டால் கொக்கி விடுபட்டுவிடும். மாட்டை நிறுத்தியோ படுக்கவைத்தோ, அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியாகவே கால்நடை மருத்துவர் இதைச் செய்வார். சில நிமிட வேலை. பெரும்பாலான மாடுகள் எழுந்ததுமே காலை மடக்கி நடக்கும். ஆனால், நடு நாரில் கத்தி பட்டால் கால் கெட்டுவிடும். பழக்கமில்லாதவர் கையில் மாட்டைக் கொடுக்காதீர்கள்.

வயிறு நிறையத் தீனி போட்டு ஓட்டிப் போகாதீர்கள். படுக்கவைத்தால் வயிறு உப்பும். சினையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்னொரு காலும் இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இரண்டிலும் வருவதுண்டு.

பூனை, நாய் வளர்ப்பவர்கள் இதையே கேட்க வேண்டாம். அவற்றுக்குச் சில்லு பள்ளத்தைவிட்டுப் பக்கவாட்டில் நழுவும். பள்ளத்தை ஆழமாக்கி, நார் ஒட்டியிருக்கும் எலும்பு முனையை நகர்த்திப் பொருத்துவது முழு மயக்கத்தில் செய்யும் பெரிய அறுவை.

தையல் ஆறும்வரை ஈ மொய்க்காமல் பாருங்கள். தரை ஈரமும் வழுக்கலும் இல்லாமல் இருக்கட்டும். மருத்துவர் சொல்லும்வரை நுகத்தில் பூட்டாதீர்கள். கிருமிக்கொல்லி ஊசி போட்டிருந்தால், எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டை நடத்திக் கூட்டிப்போக முடியாவிட்டால் 1962-க்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்துக்கான எண் அது.