பழைய கணினிக்குப் புது சிடி தெரியவில்லையா?

1989 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் ‘எஃப்எம் டவுன்ஸ்’ என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. மற்ற கணினிகளில் ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், சிடி இயக்கியோடு வந்த பெட்டி அது. லேசருக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 1964இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சார்ல்ஸ் டவுன்ஸின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

இன்று பழைய கணினிப் பிரியர்களைப் படுத்தி எடுப்பதும் அந்த லேசர்தான். அசல் சிடி ஓடுகிறது. அதில் கீறல் விழுவதற்குள் ஒரு நகல் எடுத்துப் போட்டால், இயக்கி சற்று நேரம் சுற்றிவிட்டு அடங்கிவிடுகிறது.

ஏன்? தொழிற்சாலையில் அச்சிட்ட சிடியில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும், மேலே அலுமினியப் பூச்சு. நாம் பதியும் சிடி-ஆரில் பள்ளம் கிடையாது. ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு அடையாளம் வைக்கிறது. அதனால் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறைவு. முப்பது வருடம் உழைத்துக் களைத்த லேசருக்கு அந்தக் கொஞ்சமே பெரிய வித்தியாசம். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ இன்னும் மோசம். அது 15 முதல் 25 விழுக்காடு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். இந்தக் கணினிக்கு அதை வாங்கவே வேண்டாம்.

முதலில் இயக்கியின் கண்ணாடி வில்லையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. அடுத்து, கிடைத்தால் 74 நிமிட சிடி-ஆர் வாங்குங்கள். 80 நிமிட சிடியில் தடங்கள் நெருக்கமாக இருப்பதால் பழைய இயக்கி தடுமாறலாம். பதியும் வேகத்தைக் குறையுங்கள். ஆனால் ஆகக் குறைந்த வேகம்தான் சிறந்தது என்று நம்பிவிடாதீர்கள்; இன்றைய சிடிகள் அதிவேகப் பதிவுக்காகச் செய்யப்பட்டவை. 4, 8, 16 என்று மாற்றிப் பதிந்து பாருங்கள்.

வானொலிக்காரி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘லூம்’ போன்ற டவுன்ஸ் விளையாட்டுகளில் இசை, சாதாரணப் பாட்டு சிடியில் இருப்பதுபோல் தனித் தடங்களில் இருக்கும். வெறும் ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்தால் அந்தத் தடங்கள் வராது. விளையாட்டு திறந்தாலும் சைக்கோவ்ஸ்கி ஊமையாகிவிடுவார். பின், கியூ என்ற இரட்டைக் கோப்புகளாக எடுத்து, ஒரே மூச்சில் முழுத் தட்டையும் பதியுங்கள்.

லேசரின் சக்தியைக் கூட்டும் சின்னத் திருகு ஒன்றும் உள்ளே உண்டு. அதைக் கடைசி வரை தொடாதீர்கள். இன்று படித்துவிடும், ஆனால் லேசரின் ஆயுள் குறைந்துவிடும். மாற்று லேசர் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை.

நகல் ஓடிவிட்டதா? இனி அதையே போடுங்கள். அசல் பெட்டிக்குள் இருக்கட்டும். நகலையும் வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள், அந்தச் சாயம் வெளுத்துப்போகும். அலமாரியில் கிடக்கும் உங்கள் கல்யாணப் பட சிடியிலும் அதே வகைச் சாயம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.