படத்தின்மேற் படம்

கணினியில் வரைந்த புதிய காணிப்படம் பழைய அடிப்படைப் படத்திற் பொருந்தாது வங்கக்கடலிற் போய்க் கிடப்பதுண்டு. காரணம் எளிது. இலங்கையின் பழைய ஆள்கூற்று முறையில், பிதுருதலாகலையை அண்டிய தொடக்கப்புள்ளிக்கு இட்ட எண் 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டு முறையிலோ 500,000. ஆகவே புதிய படம் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே அவ்வளவும் விலகி நிற்கும்.

அதனைக் கண்மதிப்பாக இழுத்துவந்து வேலியோடு வேலியை ஒட்டவைத்தல் ஆகாது. வேலிகள் நகர்வன என்பதை நாம் அறிவோம்! இரு படங்களிலும் உள்ள, ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு அளவைக்கற்களைத் தெரிந்தெடுத்து, ஓட்டோகாட் மென்பொருளின் 'அலைன்' கட்டளையாற் பொருத்துங்கள். படத்தின் அளவையும் மாற்றவா என்று அது வினவும். 'வேண்டாம்' என்றே விடை கூறுங்கள். இசைந்தால், நிலத்தில் அளந்த நீள அகலங்களே மாறிவிடும். பிறகு அயலவரோடு வழக்குத்தான். மூன்றாவது கல்லும் பொருந்துகின்றதா என்று பாருங்கள். பொருந்தாவிடின், தெரிந்தெடுத்த கற்களையே மீண்டும் சோதியுங்கள்.