குழுவாய் இருந்து படிக்கும் பொறியியல்

"இஞ்சினியரிங் படிக்கிறன் எண்டு சொல்லுறான். ஆனால் நோட்ஸ் கொப்பி ஒண்டையும் காணேல்லை. பொழுதுபட்டால் நாலைஞ்சு பொடியளோட இருந்து கதைச்சுப்போட்டு வாறான்." டென்மார்க்கில் எம்மவர் கூடும் இடங்களில், கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்திலும், பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய் தந்தையர் இப்படிக் கவலைப்படுவதைக் கேட்கலாம். ஊரில் தாங்கள் கண்ட படிப்போடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பதால் எழும் கவலை இது. அதனைக் குறைசொல்ல முடியாது.

பொறியியற் பீடத்துக்குள் நுழைவது எங்களுக்கு எப்போதும் ஒரு போராட்டமாகவே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் பரீட்சை எழுதியவருக்கு 227 புள்ளி போதுமாக இருக்க, தமிழ் மொழி மூலம் எழுதியவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு புள்ளியில் ஒரு வாழ்க்கை தவறிப் போன காலம் அது. விடிய நாலு மணிக்கு எழும்பி, ரியூட்டரியில் மாஸ்டர் தந்த நோட்ஸைப் பாடமாக்கி, கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து வந்தவர்கள் நாங்கள். பக்கத்து வாங்கில் இருப்பவன் நண்பன்தான். ஆனாலும் பரீட்சை மண்டபத்தில் அவன் போட்டியாளன். இந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துதான் பிள்ளைகளை இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகின்றோம். இங்கோ படிப்பின் முறையே வேறு.

டென்மார்க்கின் வடக்கே, யூலண்ட் நிலப்பரப்பில் உள்ள ஆல்போர்க் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1974இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே இதன் கற்பித்தல் வழி தனியானது. ஒரு அரையாண்டுக்குரிய 30 கற்கைப் புள்ளிகளில் பொதுவாகப் பாதி, அதாவது 15, ஒரு திட்ட வேலைக்கு உரியது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உண்மையான ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய வேண்டும். முதலாம் வருடத்தில் குழு பெரிதாக, ஆறேழு பேர் கொண்டதாக இருக்கும். மேல் வகுப்புகளில் இரண்டு மூன்று பேராகச் சுருங்கும். பிரச்சினை என்னவென்று விளக்குவதும், அதற்கு வேண்டிய கணிதத்தையும் பௌதிகவியலையும் தேடிப் படிப்பதும், கணித்துப் பார்ப்பதும், செய்து பார்ப்பதும், கடைசியில் அறிக்கை எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். அவர் விடை சொல்வதில்லை, கேள்வி கேட்பார். விரிவுரைகளும் உண்டு, ஆனால் அவை படிப்பின் ஒரு பகுதி மட்டுமே.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் சில வாரங்களே நீளும் ஒரு சிறு திட்டம் கொடுப்பார்கள். குழுவாய் வேலை செய்வது எப்படி என்று பழகுவதற்கே அது. வேலை முடிந்தபின், 'எங்கள் குழு எப்படி இயங்கியது, எங்கே சண்டை வந்தது, நேரத்தை எப்படிச் செலவழித்தோம்' என்று அவர்களே எழுதவும் வேண்டும். எங்கள் ஊர்க் கண்ணுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். வேலைத்தளத்தில் பிறரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கத் தெரியாத பொறியியலாளரைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பரீட்சையும் குழுவாகவே நடக்கின்றது. எல்லோரும் சேர்ந்து திட்டத்தை விளக்கியபின், பரீட்சகர்கள் ஒவ்வொருவரையும் குடைந்து கேட்பார்கள். புள்ளி ஆளுக்கு ஆள் வேறாகும். சும்மா இருந்தவன் மற்றவர்களின் முதுகில் ஏறி வந்துவிடுவான் என்று சொல்லி, டென்மார்க் அரசு 2006இல் குழுப் பரீட்சையைத் தடைசெய்தது. ஆல்போர்க் ஆசிரியர்கள் வெறும் கண்டனத்தோடு நிற்கவில்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதினார்கள். தனித்தனியே நடக்கும் பரீட்சையில், ஒருவர் சொன்னதை மற்றவர் பிடித்து மேலே கொண்டுபோகும் உரையாடல் அற்றுப்போகிறது என்று காட்டினார்கள். ஆட்சி மாறியபின் 2012இல் குழுப் பரீட்சைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

இதெல்லாம் நல்லதுதான், பிள்ளைக்குப் பாடம் ஏறுகிறதா என்று கேட்பீர்கள். அதே கேள்வியைத்தான் பொறியியல், பௌதிகவியல் ஆசிரியர்கள் தங்களிடமே கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற பௌதிகவியற் பேராசிரியர் 1990களின் தொடக்கத்தில் தம் மாணவர்களுக்கு மிக எளிய வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். பாரவண்டியும் சிறு காரும் மோதினால் எது எதன்மேல் கூடிய விசையைச் செலுத்தும் என்பது போன்ற வினாக்கள். (இரண்டும் சமம், நியூட்டனின் மூன்றாம் விதி.) கடினமான கணக்குகளைச் செய்து முடித்த மாணவர்கள் பலர் இதிலே தடுமாறினார்கள். சூத்திரம் தெரிந்திருந்தது, பொருள் விளங்கவில்லை. அதன்பின் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, ஒரு வினாவைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி விடை சொல்லும்படி செய்தார். அந்த முறை உலகெங்கும் பரவிற்று.

2014இல் இத்தகைய 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 100 பேரில் சுமார் 34 பேர் தவறினார்கள். மாணவர்கள் தாமே செய்து, பேசிப் படித்த வகுப்புகளில் சுமார் 22 பேர். 2019இல் ஹார்வார்டில் இன்னொரு விசித்திரத்தையும் கண்டார்கள். தாமே செய்து படித்தவர்கள் சோதனையில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே படித்ததாக நினைத்தார்கள். நல்ல விரிவுரை காதுக்கு இனிமையாக இருக்கும், எல்லாம் விளங்கியது போலவும் இருக்கும். 'இங்கை ஒண்டும் படிப்பிக்கினமில்லை' என்று பிள்ளை முறையிட்டால் இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எங்களுக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது யூரி திரைஸ்மன் செய்த ஆய்வு என்பேன். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் முதலாம் வருட நுண்கணிதத்தில் அதிகமாகத் தவறினார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று கேட்டபோது விரிவுரையாளர்கள், ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்றார்கள். திரைஸ்மன் இரு பகுதியிலும் 20 பேரைத் தெரிந்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய் மாதக்கணக்காகக் கவனித்தார். சொன்ன காரணங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்காக உயிரைக் கொடுத்தவர்கள். பிள்ளைகளும் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் கறுப்பின மாணவர் 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாரம் எட்டு மணித்தியாலம் தனியே படித்தார்கள். யாரிடமும் கேளாமல் முன்னேறுவதே அவர்களுக்குப் பெருமை. சீன மாணவர்களோ தனியே படித்தபின் மாலையில் கூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள்; அண்ணன்மார் வந்து கேள்வி கேட்டார்கள். தன் விடை பிழையா, எல்லோருக்கும் அந்தக் கணக்கு கடினமா என்பது அவர்களுக்கு உடனே தெரிந்தது. தனியே இருந்தவனுக்கு அது பரீட்சை முடிவு வந்த பிறகே தெரிந்தது.

திரைஸ்மன் அவர்களுக்கு 'பின்தங்கியோர் வகுப்பு' வைக்கவில்லை. மிகக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாய் இருந்து செய்ய வைத்தார். பெறுபேறு தலைகீழாக மாறியது. அறைக் கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணீரை வாசலில் வைத்து, 'பிள்ளை படிக்குது, ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ' என்று காவல் இருக்கும் எங்கள் வீடுகளை இந்த ஆய்வு சற்று யோசிக்க வைக்க வேண்டும்.

தம் வகுப்பில் தோற்றதையும் வென்றதையும் ஆசிரியர்கள் இப்படி எழுதிப் பகிர்வதற்கெனச் சங்கங்கள் உண்டு. அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கம் 1893இலும், ஐரோப்பியச் சங்கமான சேஃபி 1973இலும் தோன்றின. ஆல்போர்க்கில் 2014இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு இதற்கென ஒரு மையமும் அமைந்தது.

எல்லாம் சுகமென்று சொல்ல வரவில்லை. குழு சேரும்போது டேனிஷ் மொழி தடக்கும் பிள்ளை ஓரத்தில் நின்றுவிடக்கூடும். கணக்கெல்லாம் செய்து கொடுத்துவிட்டு, பேசுவதை மற்றவர்களுக்கு விட்டுவிடுவது எம் பிள்ளைகள் சிலரின் பழக்கம். வாய்மொழிப் பரீட்சையில் அது அவர்களையே தாக்கும். குழுவில் முரண்பாடு வந்தால் வழிகாட்டியிடம் சொல்லலாம், அது கோள் சொல்வதாகாது. அறிக்கை ஒப்படைக்கும் வாரத்தில் பெண்பிள்ளைகள் இரவு பத்து மணிக்கும் குழு அறையில் இருக்க நேரிடும். அந்த வாரம் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்து, கலியாண வீடு, பிறந்தநாள் அழைப்புகளை அதற்கேற்ப ஒழுங்கு செய்யுங்கள். குழுவை ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. டேனிஷ் மொழியில் 'சிவில் இஞ்சினியர்' என்றால் பாலமும் கட்டடமும் கட்டுபவர் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தத் துறையானாலும் ஐந்து வருடப் பொறியியற் பட்டத்துக்கு அதுதான் பெயர். 'டிப்ளோம் இஞ்சினியர்' என்பது மூன்றரை வருடப் பட்டம். அதில் ஒரு அரையாண்டு கம்பனியில் பயிற்சி. பெயரைக் கேட்டு அதனை ஊர் டிப்ளோமா என்று தள்ளிவிட வேண்டாம். இரண்டுக்கும் கிம்னேசியத்தில் கணிதம் ஏ தரம், பௌதிகவியல் பி தரம், இரசாயனவியல் சி தரம் பொதுவாகக் கேட்கப்படும். பாடங்களைத் தெரிவு செய்யும் வருடத்திலேயே பாடசாலையின் கல்வி ஆலோசகரிடம் இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள்; பிள்ளையையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.