கம்ப்யூட்டர் செத்துப்போகலை... காத்துக்கிட்டிருக்கு! டெர்மினல் ஷார்ட்கட் குழப்பங்களுக்கு எர்ணாவூரிலிருந்து ஒரு கைடு

"அக்கா, லேப்டாப் செத்துப்போச்சுக்கா. எதை அடிச்சாலும் ஒண்ணும் வர மாட்டேங்குது!"

ராத்திரி எட்டு மணி. எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாணவி, திறந்த லேப்டாப்பை அப்படியே ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. இன்னும் இரண்டு நாளில் லினக்ஸ் லேப் எக்ஸாம். கையில் இருந்தது, அவள் அண்ணன் ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்.

"கடைசியா என்ன பண்ணே?"

"புரோகிராம் அடிச்சு முடிச்சிட்டு சேவ் பண்ணேன்க்கா. கன்ட்ரோல் எஸ். அப்படியே நின்னுடுச்சு. மாடல் எக்ஸாம்லயும் இதேதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அடிச்சது எல்லாம் போச்சு. எனக்கு கம்ப்யூட்டர் வராது போலக்கா."

பவர் பட்டனுக்குப் போன அவள் விரலைத் தடுத்துவிட்டு, கன்ட்ரோல் கீயோடு 'க்யூ'வை அழுத்தினேன். திரை அசைந்தது. அவள் அடித்த வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பதற்றத்தில் தட்டிய ஏழெட்டு எழுத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன.

அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. வேர்டிலும் எக்ஸெல்லிலும் பழகிய விரல், சேவ் செய்ய அழுத்தும் அதே இரண்டு கீயை அழுத்தியது. ஆனால் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் அந்த ஷார்ட்கட்டுக்கு வேறு அர்த்தம். அது தெரியாததால் போனது ஒரு பரீட்சையின் மார்க். கூடவே, 'எனக்கு இது வராது' என்ற எண்ணமும் வந்துவிட்டது.

ஜீரோ கேட்டும் கன்ட்ரோல் எஸ்ஸும்

டெர்மினலில் கன்ட்ரோல் எஸ் என்றால் 'அனுப்புவதை நிறுத்து'. கன்ட்ரோல் க்யூ என்றால் 'மறுபடி அனுப்பு'. இது டெலிடைப் காலத்து வழக்கம். 1963-ல் வந்த 'டெலிடைப் மாடல் 33' என்ற தட்டச்சு இயந்திரம், நொடிக்கு 10 எழுத்துதான் அச்சடிக்கும். துளையிட்ட காகிதச் சுருளிலிருந்து தகவலைப் படித்தும் அனுப்பும். எதிர்முனைக் கருவியால் அந்த வேகத்தில் வாங்க முடியவில்லை என்றால், 'கொஞ்சம் நிறுத்து' என்று சொல்ல ஒரு குறியீடும், 'இப்போது அனுப்பு' என்று சொல்ல ஒரு குறியீடும் வைத்தார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் எஸ் 19-வது, க்யூ 17-வது. கன்ட்ரோலோடு அழுத்தும்போது போவதும் அதே 19, 17 எண்கள்தான். இயந்திரங்கள் மியூசியத்துக்குப் போய்விட்டன. வழக்கம் மட்டும் லினக்ஸில் தங்கிவிட்டது.

நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர்.

"இது எங்க பொழப்பு மாதிரியே இருக்கும்மா. உள்ளே இடம் இல்லைன்னா ஜீரோ கேட்ல நிறுத்திடுவான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க வண்டி நிக்கும். வண்டி ரிப்பேர் இல்லை, சரக்கும் பத்திரமாத்தான் இருக்கு. கேட்டைத் திறந்தா போயிடும். அதுக்காக இன்ஜினை யாராவது கழட்டுவாங்களா?"

"ஐயோ, நான் கழட்டிட்டேன்ப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மகள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு கமாண்ட் இருக்கிறது. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எஸ்-டி-டி-ஒய் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியோடு ஒட்டி ஐ-எக்ஸ்-ஓ-என் என்று அடித்து என்டர் தட்டுங்கள். அந்த டெர்மினலை மூடும்வரை கன்ட்ரோல் எஸ் திரையை நிறுத்தாது. சொந்த லேப்டாப் என்றால், ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் 'பாஷ்-ஆர்.சி.' ஃபைலின் கடைசி வரியாக இதைச் சேர்த்துவிடலாம். அடுத்த முறை டெர்மினலைத் திறக்கும்போது தானாகவே அமலுக்கு வரும்.

ஆனாலும் கன்ட்ரோல் எஸ் அங்கே சேவ் செய்யாது. அவள் பயன்படுத்திய விம் எடிட்டரில் (பாத்திரம் தேய்க்கும் விம் அல்ல!) எஸ்கேப் கீ, பிறகு முக்காற்புள்ளி, 'டபிள்யூ', என்டர். இதுதான் சேவ். மின்சாரம் போய் அணைந்துவிட்டாலும் உடனே அழ வேண்டாம். விம் பெரும்பாலும் ஒரு மறைவான 'ஸ்வாப்' ஃபைலில் நகல் வைத்திருக்கும். அதே ஃபைலை மறுபடி திறந்தால், 'ரெக்கவர்' செய்யலாமா என்று அதுவே கேட்கும்.

ஒரே ஷார்ட்கட், வேறு வேலை

கன்ட்ரோல் சி: மற்ற இடங்களில் காப்பி. டெர்மினலில், ஓடுகிற புரோகிராமை நிறுத்தும். காப்பி, பேஸ்ட் என்ற முறையை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர் உருவாக்கியது 1970-களில். அதற்கு முன்பே சில பெரிய கணினிகளில் கன்ட்ரோல் சி-க்கு 'நிறுத்து' என்றுதான் பொருள். பெரும்பாலான லினக்ஸ் டெர்மினல்களில் காப்பி செய்ய கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். பேஸ்ட் செய்ய சி-க்குப் பதில் வி.

கன்ட்ரோல் இசட்: மற்ற இடங்களில் 'அன்டூ'. இங்கே புரோகிராமை ஓரங்கட்டி நிறுத்திவைக்கும். 'ஸ்டாப்டு' என்று வந்ததும் எல்லாம் அழிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எஃப்-ஜி என்று இரண்டு எழுத்து அடித்து என்டர் தட்டினால், விட்ட இடத்துக்கே திரும்பலாம்.

கன்ட்ரோல் டி: 'இதோடு முடிந்தது' என்று அர்த்தம். காலியாக இருக்கும் வரியில் அழுத்தினால் ஷெல்லே மூடிக்கொள்ளும்.

கன்ட்ரோல் டபிள்யூ: ஷெல்லில் கடைசி வார்த்தையை அழிக்கும். ஆனால் பிரவுசருக்குள் ஓடும் ஆன்லைன் டெர்மினலில் அழுத்தினால் டேபே மூடிவிடும்! ஆன்லைன் கம்பைலரில் பழகுபவர்கள் உஷார்.

அழுத்தியது எங்கே போகிறது?

ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்றால், 'வழியில் அதை யார் எடுத்துக்கொண்டார்கள்?' என்று பாருங்கள். கீபோர்டில் அழுத்தியது முதலில் டெஸ்க்டாப்புக்கும், அடுத்து டெர்மினல் ஜன்னலுக்கும், பிறகு கன்ட்ரோல் எஸ் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் லினக்ஸின் உள்பகுதிக்கும், கடைசியாக ஷெல்லுக்கும் போகிறது. வழியில் யாராவது 'இது எனக்கு வந்தது' என்று எடுத்துக்கொண்டால், ஷெல்லுக்குச் செய்தியே போகாது. ஆல்ட் கீயோடு எஃப் அழுத்தினால் சில டெர்மினல்களில் ஃபைல் மெனு திறப்பது இதனால்தான்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கன்ட்ரோல் வி அழுத்திவிட்டு, சந்தேகப்படும் ஷார்ட்கட்டை அழுத்துங்கள். கூம்புக் குறியோடு ஏதாவது எழுத்து வந்தால், அது ஷெல் வரை வந்துவிட்டது. ஷெல்லின் செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். எதுவுமே வராவிட்டால், வழியிலேயே யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

வரியின் தொடக்கத்துக்குப் போகும் கன்ட்ரோல் ஏ, கடைசிக்குப் போகும் கன்ட்ரோல் இ இரண்டுமே திடீரென்று வேலை செய்யவில்லையா? பாஷ் ஷெல்லில் இரண்டு வகைக் கீ முறைகள் உண்டு: ஒன்று இமேக்ஸ், மற்றொன்று வி-ஐ. வழக்கமாக இருப்பது இமேக்ஸ். யாராவது வி-ஐ முறைக்கு மாற்றியிருக்கலாம். எஸ்-இ-டி, இடைவெளி, மைனஸ் குறியோடு ஓ, இடைவெளி, இ-எம்-ஏ-சி-எஸ் என்று அடித்தால் பழையபடி ஆகிவிடும். தவறான ஃபைலைத் திறந்ததால் திரை முழுக்கக் கோணல்மாணல் எழுத்துகளா? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆர்-இ-எஸ்-இ-டி என்று அடித்து என்டர் தட்டுங்கள்.

தமிழில் அடிப்பவர்களுக்கு

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த 'தமிழ்99' கீபோர்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை அடித்து முடித்துவிட்டு, மொழியை மாற்ற மறந்து டெர்மினலுக்கு வருகிறீர்கள். ஃபைல்களைப் பட்டியலிட எல், எஸ் என்று இரண்டு எழுத்து தட்டினால், திரையில் 'தி' என்று விழும். எல் இருக்கும் இடத்தில் 'த', எஸ் இருக்கும் இடத்தில் 'இ'. இரண்டும் சேர்ந்து 'தி'. அப்படி ஒரு கமாண்ட் இல்லை என்று ஷெல் கையை விரிக்கும். எதைச் சரிபார்ப்பதற்கு முன்பும், திரையின் ஓரத்தில் மொழி ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில், பல லேப்டாப்கள் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' சேர்த்தே வந்தன. சென்னை சி-டாக் மையம் 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் அது. பல வீடுகளில் அது திறக்கப்படாமலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பவர்கள், து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' மின்னூலைக் கணியம் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அன்று ராத்திரி அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, லேப்டாப் மூடிக்குள் ஒட்டினாள்: 'நின்னா, முதல்ல க்யூ. பவர் பட்டன் கடைசி.'

எக்ஸாம் முடிந்து விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கியதும் போன் செய்தாள்.

"அக்கா, நான் நல்லா பண்ணிட்டேன். பக்கத்து சிஸ்டம் பையனுக்கு நின்னுடுச்சுக்கா. ஸ்விட்ச்சுக்குக் கை போயிடுச்சு. 'சார், ஆஃப் பண்ண வேணாம்னு சொல்லுங்க, கன்ட்ரோல் க்யூ போதும்'னு எழுந்து கத்திட்டேன்!"

"சார் திட்டலையா?"

"திட்டினாரு. அப்புறம் அவரே போய் அழுத்திப் பார்த்தாரு. வந்துடுச்சுக்கா!"