தென்கிழக்கு நோக்கும் கிண்ணங்கள்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மேற்படிப்பின் பொருட்டு ஜெர்மனியில் ரைன் நதிக்கரை நகரொன்றில் தங்கியிருந்தேன். என் அறைச் சன்னலுக்கு எதிரே நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் மாடி முகப்புகளில் வெண்ணிறக் கிண்ணங்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. அத்தனையும் தென்கிழக்கையே நோக்கி நின்றன. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் துருக்கியர் என்று கேள்வியுற்றபோது, அது அவர்களுடைய வழிபாட்டுத் திசை போலும் என்று எண்ணிவிட்டேன்! அவை தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் என்பதை அறிந்ததும் என் பேதைமையை எண்ணி நானே நகைத்துக்கொண்டேன்.

ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திற்கு ஈடாகச் சுற்றி வருகின்றன. ஆகவே தரையிலிருந்து நோக்குவோர்க்கு அவை ஓரிடத்தில் அசையாது நிற்பன போலத் தோன்றும். நம் தமிழகம் நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் நம் வீட்டு டிஷ் ஆன்டெனா வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. வடக்கே வெகு தொலைவிலுள்ள ஜெர்மனியிலோ அது அடிவானத்திற்குச் சற்று மேலே பார்க்கவேண்டும். கிழக்குத் தீர்க்கரேகை 42 பாகையில் நிற்கும் துருக்கியச் செயற்கைக்கோளை ரைன் கரையிலிருந்து பிடிக்க, தரையினின்று இருபத்துமூன்று பாகை அளவே கிண்ணத்தை உயர்த்தினால் போதும். எதிரே ஓர் உயர்ந்த மரம் நின்றாலும் படம் வாராது. வடக்கு நோக்கிய வீடு வாய்த்தவன் பாடு அதோகதிதான்.

அந்தத் துருக்கியர் அங்கு வந்த வரலாறு 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று தொடங்குகிறது. போருக்குப் பின் ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்த மேற்கு ஜெர்மனி, அன்று துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வந்தவர்களும் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவோம் என்றே எண்ணினர். 1964-இல் கொலோன் வானொலி துருக்கிய மொழி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. எண்பதுகளில் வாடகைக்கு எடுத்த ஒளிநாடாக்களில் தாயகத் திரைப்படங்களைக் கண்டனர். 1990-இல் துருக்கிய அரசுத் தொலைக்காட்சி ஐரோப்பா வாழ் துருக்கியருக்கெனத் தனி அலைவரிசையைத் தொடங்கியது. 1994 ஆகஸ்டில் அந்நாட்டின் சொந்தச் செயற்கைக்கோளும் விண்ணேறியது. அதன்பின் கிண்ணங்கள் மாடிதோறும் முளைத்தன.

எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒருநாள் கையில் கடிதத்துடன் என்னிடம் வந்தார். சாலையில் காணும்போது வணங்கிக்கொள்ளும் அளவே எங்களுக்குள் பழக்கம். வீட்டு உரிமையாளரின் கடிதம் அது. கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது, இத்தனை நாட்களுக்குள் ஆன்டெனாவை அகற்றுக, இல்லையேல் வீட்டைக் காலி செய்யும் நடவடிக்கை தொடரும் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் வார்ப்பாலையில் உழைத்த மனிதர் அவர். அவருடைய மனைவியார் முடக்குவாதத்தால் படுக்கையிற் கிடந்தார். அவருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. "பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நானும் கடைக்கும் மருந்துக்குமாக வெளியே போகிறேன். பகலெல்லாம் அவளோடு பேசுவது அந்தப் பெட்டி ஒன்றுதான், சுவாமி" என்றார்.

அன்று என் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை மறைப்பானேன்? முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தும் அம்மொழியை ஏன் கற்கவில்லை, தாயகத் தொலைக்காட்சியன்றோ கற்கவிடாமல் தடுக்கிறது என்றே நினைத்தேன். அந்நாட்டுச் செய்தித்தாள்களிலும் அத்தகைய எழுத்துகள் மலிந்திருந்தன. ஆயினும் அன்றிரவு என் அறையில், அம்மாவின் குரலைக் கேட்பதற்காகத் தொலைபேசி அட்டையின் எண்களை ஒவ்வொன்றாகச் சுரண்டியெடுத்தபோது, நானும் அவ்வம்மையாரும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கிறோம் என்பது புலனாயிற்று. எனக்கு ஜெர்மன் தெரியும். எனினும் தலைவலி வந்தால் தமிழில்தானே முனகுகிறோம்!

சட்டம் பயின்ற நண்பர் ஒருவரிடம் பெரியவரை அழைத்துச் சென்றேன். அவர் சொன்ன செய்தி எனக்குப் புதிது. 1994 பிப்ரவரி 9 அன்று, ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு துருக்கியக் குடித்தனக்காரரின் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தாயகச் செய்திகளை அறியவும், தம் மொழியோடும் பண்பாட்டோடும் உறவு அறாமல் வாழவும் அயல்நாட்டவர்க்குள்ள நாட்டத்தை, வீட்டு உரிமையாளரின் சொத்துரிமையோடு சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்பது அத்தீர்ப்பு. இதற்கு ஆதாரம், 1949-இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அடிப்படைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. எவரும் பொதுவாகக் கிடைக்கும் செய்தி மூலங்களிலிருந்து தடையின்றி அறிந்துகொள்ளும் உரிமையை அது வழங்குகிறது. அவ்வுரிமை அங்கே எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1939 செப்டம்பரில் ஹிட்லர் ஆட்சி, வெளிநாட்டு வானொலியைக் கேட்பதையே குற்றமாக்கியது. கேட்ட செய்தியைப் பரப்பியோர்க்கு மரண தண்டனையும் விதிக்க இயன்றது. அக்கொடுமையைக் கண்ட தலைமுறை எழுதிய சொற்கள், அரை நூற்றாண்டு கழித்து ஓர் ஆலைத் தொழிலாளியின் மாடி முகப்பிற்குக் காவலாயின.

உரிமையென்றால் கட்டற்ற உரிமையன்று. செலவைக் குடித்தனக்காரர் ஏற்கவேண்டும். தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு பொருத்தவேண்டும். கண்ணை உறுத்தாத இடத்தை உரிமையாளர் காட்டினால் அங்கேயே வைக்கவேண்டும். கம்பிவட வழியாகவே போதிய தாயக அலைவரிசைகள் கிடைக்குமாயின், பொதுவாக ஆன்டெனாவுக்கு வழக்கில்லை. ரஷ்ய மொழி பேசும் ஒருவரின் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே கூறிற்று. ஆயினும் 2013-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் மற்றொரு நுட்பத்தைச் சுட்டியது. வழக்குத் தொடுத்தவர்கள் துருக்கிக் குடிமக்கள், ஆனால் துருக்மேனிய மரபினர். கம்பிவடத்தில் துருக்கிய அலைவரிசைகள் உண்டு, அவர்களுடைய சொந்த மொழி இல்லை. கடவுச்சீட்டின் மொழி வேறு, தாயின் மொழி வேறு என்பதைக் கீழ் நீதிமன்றம் எண்ணிப் பார்க்கவில்லை என்று குறை கண்டது. ஐரோப்பாவில் வாழும் தமிழருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இந்தியா என்ற பெயரில் இந்தி நிகழ்ச்சியையும், இலங்கை என்ற பெயரில் சிங்கள நிகழ்ச்சியையும் காட்டினால் அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு என்ன பயன்?

சுவீடனில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. ஸ்டாக்ஹோம் நகரின் ரின்கெபி பகுதியில் வாழ்ந்த ஈராக்கியக் குடும்பம் ஒன்று, அரபு, பாரசீக மொழி நிகழ்ச்சிகளுக்கென வைத்த ஆன்டெனாவை அகற்ற மறுத்தது. மூன்று பிள்ளைகளோடு வீட்டை இழந்தது. 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அக்குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசியல் செய்தி மட்டுமன்று, பண்பாட்டு நிகழ்ச்சிகளும் வெறும் பொழுதுபோக்கும்கூடத் தகவல் பெறும் உரிமையில் அடங்கும் என்று அது கூறியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படுக்கையிற் கிடக்கும் பெண்மணி பாராளுமன்ற விவாதத்தையா பார்க்கப்போகிறார்?

தாயகத் தொலைக்காட்சி மக்களைப் பழமையில் கட்டிப்போடுகிறது என்ற குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யென நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் பள்ளி செல்லுமுன் வீட்டில் ஜெர்மன் சொல் ஒன்றும் கேளாது வளர்வது தீங்கே. அதற்கு மருந்து மழலையர் பள்ளி. ஆன்டெனாவைப் பிடுங்குவது அன்று. லண்டன் வாழ் துருக்கியரிடையே ஆய்வு செய்த அசு அக்சோய், கெவின் ராபின்ஸ் என்னும் இருவர் நாம் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். அன்றாடம் தாயக ஒளிபரப்பைக் காண்பவர், அங்குள்ள சச்சரவுகளையும் விலைவாசியையும் உள்ளபடி காண்கிறார். நினைவில் பொன்னாய் மின்னிய ஊர் மெல்ல மெல்லச் சாதாரண ஊராகிவிடுகிறது. பெரியவரும் ஒருமுறை, "தொலைக்காட்சி வந்த பிறகுதான், திரும்பிப் போனாலும் அது என் பழைய ஊர் இல்லை என்று விளங்கிற்று" என்றார்.

இன்று இணையம் வந்துவிட்டது. கிண்ணமும் வேண்டாம், உரிமையாளரின் அனுமதியும் வேண்டாம். ஆனால் இணையத்திற்கும் வேலிகள் உண்டு. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு விற்கப்படுவதால், இந்நாட்டில் இந்நிகழ்ச்சி கிடைக்காது என்ற அறிவிப்பு திரையில் தோன்றிவிடுகிறது. 2018 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் தற்காலிகமாகப் பயணம் செய்வோர், கட்டணம் செலுத்திய இணைய நிகழ்ச்சிகளைச் செல்லுமிடத்திலும் காணலாம். நிலையாகக் குடியேறியவருக்கும், ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவருக்கும் அவ்விதியால் பயனில்லை. இதனால் மலிவு விலையில் ஆயிரம் அலைவரிசை தருவதாகக் கூறும் திருட்டுப் பெட்டிகள் பெருகியுள்ளன. நம் மக்கள் சிலர் வீட்டிலும் அவற்றைக் கண்டேன். வாங்கியவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பெரியவரின் கதைக்கு வருகிறேன். வழக்கு நீதிமன்றம் வரை செல்லவில்லை. என் நண்பர் எழுதிய ஒரு கடிதத்திற்குப் பின் உரிமையாளர் இறங்கிவந்தார். சுவரில் ஆணி அடிக்காமல், மாடியின் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, நடைபாதைக் கல் ஒன்றில் ஆன்டெனாவை நிறுத்திக்கொள்வது என்று இசைவாயிற்று. கல்லைத் தூக்கி வைக்க நானும் கை கொடுத்தேன். காந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கிண்ணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, உள்ளே படுக்கையிலிருந்தவாறே அம்மையார் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எனக்குத் துருக்கி மொழி தெரியாது. ஆயினும் "இல்லை", "இன்னும் கொஞ்சம்", "போதும், போதும்" என்று அவர் கூவியது நன்றாகவே விளங்கிற்று.